எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்: தமிழகத்து உயர்நிலைப் பள்ளியின் வரலாறு

தமிழில் வெளிவந்த தன்வரலாறுகளைப் படிப்பவர்கள், அவற்றில் தொடக்கப் பள்ளிக்குச் சில பக்கங்களும் கல்லூரிக்குச் சில பக்கங்களும் ஒதுக்கப்பட, உயர்நிலைப் பள்ளி ஆண்டுகளுக்கு மட்டும் தனி அழுத்தம் தரப்பட்டிருப்பதைக் காண்பார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரையிலான அந்த ஆண்டுகளில்தான் பெரும்பாலோர் முதன்முறையாகத் தங்கள் ஊரைவிட்டு வெளியே சென்று, வேற்றுச் சாதி, வேற்றுச் சமயப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அரசு நடத்தும் தேர்வொன்றால் அளக்கப்பட்டார்கள் என்பதே இதற்குக் காரணம். ஆனால் இந்நினைவுகளை வெறும் இளமைக்கால இனிமையாகப் படித்துவிட்டு நகர்வது பிழையாகும். உயர்நிலைப் பள்ளியின் வாசலில் யார் நுழைய முடிந்தது, யார் நிறுத்தப்பட்டார்கள், எந்த மொழியில் அங்கே பாடம் நடந்தது, அதற்கான செலவை யார் ஏற்றார்கள் என்னும் கேள்விகளுக்கு, கல்வித்துறையின் ஆண்டறிக்கைகளைவிடத் தெளிவான விடை இந்நினைவுகளில் கிடைக்கிறது.

ஆங்கிலேய ஆட்சி நிலைபெறுவதற்கு முன்னர், இன்று உயர்நிலை என்று சொல்லப்படும் படிநிலை தமிழகத்தில் தனியாக இருக்கவில்லை. ஊர்தோறும் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ நடந்த திண்ணைப் பள்ளிகளில், மணலில் எழுதி எழுத்தறிந்து, எண்சுவடி மனப்பாடம் செய்து, ஓலையில் எழுதப் பழகி, நீதிநூல்களும் கணக்கும் கற்ற பிள்ளைகள், அதற்குமேல் படிக்க விரும்பினால் புலவர் ஒருவரையோ மடம் ஒன்றையோ சார்ந்து தனிமுறையில் கற்றார்கள். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டுப் பெற்ற விவரங்களின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அந்தக் காலத்துக்கு இது சிறிய எண்ணிக்கையன்று. ஆயினும் அதில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே என்பதும், தீண்டாமைக்கு உள்ளான சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைகளில் இடம் இருந்ததில்லை என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை.

புதிய முறையின் தொடக்கம் 1841இல் சென்னையில் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியாகும். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த அப்பள்ளிக்கு ஏர் பர்ட்டன் பவல் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டே பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணத்தில் மற்றொரு பள்ளி எழுந்தது. 1854ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த கல்வி அறிக்கை, அதாவது சார்லஸ் வுட்டின் பெயரால் அறியப்படும் கொள்கைக் கடிதம், கல்விக்கெனத் தனித்துறையையும், தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியத்தையும், மாகாணத் தலைநகரங்களில் பல்கலைக்கழகங்களையும் ஏற்படுத்த வழிகாட்டியது. அதன் விளைவாக 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம், தன்னிடம் சேர வருவோரின் தகுதியைச் சோதிக்க மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவுத் தேர்வை நடத்தத் தொடங்கியது. அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக் காலம் உயர்நிலைப் பள்ளிகளின் பாடத்திட்டம், பாடநூல், பயிற்றுமுறை ஆகிய மூன்றையும் அந்த ஒரே தேர்வு ஆண்டது. கல்லூரிக்குப் போகவே போகாத மாணவனும் கல்லூரிக்காகவே தயாரிக்கப்பட்டான்; ஆங்கிலத்தில் தவறினால், வேறெதில் வல்லவனாக இருந்தாலும் அவனுக்கு வழியில்லை.

இம்முறையின் பலனையும் கேட்டையும் ஒருங்கே காட்டும் சான்று கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் படித்த சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையாகும். 1898இல் அப்பள்ளியில் சேர்ந்த அவர், ஆறாண்டுகளில் அங்கிருந்த கணித நூல்கள் அனைத்தையும் கடந்துவிட்டார். 1904இல் பள்ளி விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கிப் பெருமைப்படுத்தினார். பிள்ளையின் ஆற்றலை இனங்கண்டு கொண்டாடும் மனம் பள்ளிக்கு இருந்தது. ஆனால் அதே மாணவர் கல்லூரியில் சேர்ந்தபின், எல்லாப் பாடங்களிலும் தேறியாக வேண்டும் என்ற விதியின் முன், கும்பகோணத்திலும் பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. எனப்பட்ட முதல்நிலைக் கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாமல் வெளியேறினார்.

பல்கலைக்கழகத் தேர்வின் பிடியிலிருந்து பள்ளியை விடுவிக்கும் நோக்கத்தோடு சென்னை மாகாணக் கல்வித்துறை வகுத்த திட்டமே, 1911இல் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. என்னும் இடைநிலைப் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறையாகும். இம்முறையில் உயர்நிலைக் கல்வி ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஃபாரம் என அழைக்கப்பட்டது. முதல் ஃபாரம் இன்றைய ஆறாம் வகுப்புக்கும், ஆறாம் ஃபாரம் அன்றைய பள்ளிப் படிப்பின் இறுதியாண்டாகிய பதினோராம் வகுப்புக்கும் ஒப்பானவை. ஒரே நாளில் எழுதும் தேர்வைக்கொண்டு மாணவனின் தலையெழுத்தை முடிவு செய்யாமல், மேல்வகுப்புகளில் அவன் பெற்ற பள்ளி மதிப்பெண்களையும் பொதுத் தேர்வு மதிப்பெண்களையும் ஒரே ஆவணத்தில் பதிந்து தருவது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. தொடக்கத்தில் இதில் ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ என்ற முத்திரைகளே இல்லை. சான்றிதழைப் பார்த்து ஒருவரைக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று பல்கலைக்கழகமும், வேலைக்கு எடுக்கலாமா என்று அலுவலகமும் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று எண்ணினார்கள். உயர்ந்த எண்ணம்தான், ஆனால் நாளடைவில் பொதுத்தேர்வு எண்கள் மட்டுமே மதிக்கப்பட்டு, பள்ளி மதிப்பெண்கள் யாரும் புரட்டாத பக்கங்களாயின.

அந்த ஆவணம் தாள் ஒன்றாக இல்லாமல் பல ஏடுகள் கொண்ட அட்டைப் புத்தகமாக இருந்ததால், மக்கள் அதை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்றே வழங்கினர். மாணவரின் பெயர், தகப்பனார் பெயர், சமயமும் சாதியும், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள் இரண்டு, மாணவரின் கையொப்பம், பாடவாரியான மதிப்பெண்கள், நடத்தை பற்றிய குறிப்பு, தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் என ஒரு மனிதரைப் பற்றி அரசு அறிய விரும்பிய எல்லாம் அதில் இருந்தன. அங்க அடையாளம் எழுதும் நாளன்று, வகுப்பாசிரியர் ஒவ்வொருவராக அழைத்து, முழங்கைத் தழும்பையும் கழுத்து மச்சத்தையும் தேடிப் பிடித்து, கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து எழுதுவார்; அப்படி எழுதப்பட்ட மச்சம், அறுபதாண்டு கழித்தும் ஓய்வூதியக் கோப்பில் அதே சொற்களில் திரும்ப வரும்.

பிறந்த தேதியின் செய்தி இன்னும் ஆழமானது. கிராமப்புறங்களில் பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் பரவாத காலத்தில், பிள்ளையின் வயதை ஐப்பசி அடைமழைக்கு அடுத்த மாதம், தாத்தா இறந்த ஆண்டு என்பன போன்ற நினைவுகளாலேயே வீட்டார் அறிந்திருந்தனர். முதல் வகுப்பில் சேர்க்க வந்த பிள்ளையை, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் ஐந்து வயது நிறைந்தது என்று கொண்ட ஆசிரியர், சேர்க்கை விதிக்குப் பொருந்தும்படி ஆனி, ஆடி மாதங்களை ஒட்டிய ஆங்கிலத் தேதி ஒன்றைத் தாமே எழுதிக்கொள்வார். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு ஏறிய அந்தத் தேதி, அதன்பின் அசைக்க முடியாத சட்டச் சான்றாகிவிட்டது. தமிழகத்தில் முதிய தலைமுறையினர் பலருக்குச் சாதகத்தில் ஒரு பிறந்த நாளும் பள்ளிச் சான்றில் வேறொரு பிறந்த நாளும் இருப்பதன் காரணம் இதுவே.

இனி, பள்ளிகளை யார் நிறுவினார்கள் என்பது. அரசு நேரடியாக நடத்திய உயர்நிலைப் பள்ளிகள் தொடக்கத்தில் மிகக் குறைவு. கிறித்தவ சமயப் பணியாளர்களும், நகராட்சிகளும், ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்ட ஆட்சிக் கழகங்களும், செல்வர்களும், சாதிச் சங்கங்களும் நிறுவியவையே மிகுதி. இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது, விருதுநகர் நாடார் சமூகத்தார் 1880களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. கோயிலுக்குள் நுழையவும் பொதுத் தெருவில் நடக்கவும் தடைகளைச் சந்தித்த ஒரு சமூகம், தன் வணிகர்கள் விற்பனையில் சிறு பங்கை ஊர்ப் பொதுநிதிக்கு அளிக்கும் மகமை என்னும் ஏற்பாட்டைக்கொண்டு அப்பள்ளியை எழுப்பியது. அதோடு, பெண்கள் நாள்தோறும் உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு வைக்க, அதை வீடு வீடாகத் திரட்டி விற்றுப் பள்ளிச் செலவுக்குப் பயன்படுத்தினர். பிடி அரிசி என்று பெயர்பெற்ற இந்த முறையைத் தமிழகக் கல்வி வரலாற்றின் மிக உயர்ந்த செயல்களுள் ஒன்றாகக் கருத வேண்டும். ஏனெனில் எழுத்தறியாத தாய்மாரே ஒரு பள்ளியின் புரவலர்களாக அங்கே நின்றார்கள். அப்பள்ளியில் சில ஆண்டுகள் படித்து, குடும்ப நிலையால் பாதியில் நிறுத்திய மாணவர் ஒருவர் பிற்காலத்தில் முதலமைச்சரானார் என்பது பின்னர் வரும் செய்தி.

பள்ளிகள் பெருகினாலும் வாசல்கள் எல்லார்க்கும் ஒரே அளவாகத் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறுநூலில், கோயமுத்தூர்க் கலாசாலையில் தாம் படித்தபோது ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர்கள் என்று பதிவு செய்துள்ளார். பிற மாணவர்களோடு பழகினால் தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் சென்றதாகவும் அவர் எழுதுகிறார். பள்ளி நாட்களை நினைவுகூரும் நூல்களில் பொதுவாகக் காணும் விளையாட்டும் நட்பும் அவருடைய பள்ளி நாட்களில் இல்லை. வகுப்பறைக்கு வெளியே தனியாக நின்ற சிறுவன்தான் இருக்கிறான். வட்டமேசை மாநாட்டில் தம் மக்களின் உரிமைக்காக வாதாடியவரின் கல்வி இப்படித் தொடங்கியது. சட்டங்கள் வாசலைத் திறந்த பிறகும் ஊர்வழக்கம் திறக்காத இடங்களில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் தேவைப்பட்டன. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக்கழகம் அத்தகைய பெருமுயற்சி. தென்னார்க்காடு, தஞ்சைப் பகுதிகளின் பண்ணையாள் குடும்பங்களிலிருந்து முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தவர்கள் பலர் அங்கே உருவானவர்கள்.

பெண்களின் நிலை வேறொரு வகையில் கொடியது. பருவமடைந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது ஏறத்தாழ எல்லாச் சாதிகளிலும் வழக்கமாக இருந்ததால், உயர்நிலைக் கல்வி தொடங்கும் வயதும் பெண்ணின் கல்வி முடியும் வயதும் ஒன்றாகவே இருந்தன. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, வீட்டிலிருந்தபடியே படித்து 1902இல் மெட்ரிகுலேஷன் தேறி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. அதையும் மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால்தான், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர்ச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டியைத் தமிழகம் பெற்றது. இளம் விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கிய சகோதரி சுப்புலட்சுமியின் பணியும், பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டமும் சேர்ந்தே பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவியரைக் கொண்டுவந்தன.

பயிற்றுமொழியைப் பொறுத்தவரை, உயர்நிலை வகுப்புகளில் நெடுங்காலம் ஆங்கிலமே ஆண்டது. தமிழ் தனிப்பாடமாக இருந்தது. அதைக் கற்பித்த தமிழ்ப் பண்டிதர், ஊதியத்திலும் மதிப்பிலும் ஆங்கிலம் படித்த ஆசிரியர்களுக்குக் கீழே வைக்கப்பட்டார். சுப்பிரமணிய பாரதியும் 1904இல் சில மாதங்கள் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அத்தகைய பதவியில் இருந்தவரே. வரலாறு, அறிவியல் முதலிய பாடங்களைத் தாய்மொழியில் கற்பிக்கும் விருப்ப ஏற்பாடு 1920களில் மெல்லப் பரவி, 1938இல் இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவைக் காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுவிதியாயிற்று. உடனே கலைச்சொற்கள் பற்றிய பெரும் விவாதம் மூண்டது. சேலத்தில் 1916லேயே இதற்கெனச் சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தமிழ்க் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைந்த அரசுக் குழு வடமொழிச் சொற்களுக்குச் சாய்ந்தபோது தமிழறிஞர்கள் கடுமையாக மறுத்தனர். அந்த மறுப்பின் பலனாகவே பூகோளம் புவியியலாகவும், உஷ்ணமானி வெப்பமானியாகவும், தேகாப்பியாசம் உடற்பயிற்சியாகவும் பின்வந்த பாடநூல்களில் மாறின. உழவர் வீட்டுப் பிள்ளையும் அறிவியல் பாடத்தைத் தன் மொழியில் கேட்டு ஐயம் கேட்க முடிந்தது என்னும் ஒன்றே, இந்தச் சொல்லாக்கப் பணியின் அருமையை உணர்த்தப் போதுமானது.

அதே 1938ஆம் ஆண்டில் 125 பள்ளிகளின் முதல் மூன்று ஃபாரங்களில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதும், அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரிழந்ததும், 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதும் பலராலும் எழுதப்பட்டவை.

1954இல் முதலமைச்சரான காமராசர்தான் மேலே சொல்லப்பட்ட விருதுநகர்ப் பள்ளியின் மாணவர். அவருடைய ஆட்சியிலும் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் நிர்வாகத்திலும் நடந்தவை, உயர்நிலைப் பள்ளியை நகரத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டுவந்தன. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை நிறுத்திவைத்ததால், சில ஆண்டுகளில் உயர்நிலை வகுப்புகளுக்கான கூட்டம் தானே பெருகியது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்கள் நிலமாகவும் மரமாகவும் பெஞ்சாகவும் கரும்பலகையாகவும் கொடுத்து, பிடி அரிசி மரபை மாநிலம் முழுவதற்கும் விரித்தனர். சம்பளம் என்று மக்கள் அழைத்த பள்ளிக் கட்டணம், முதலில் ஏழைப் பிள்ளைகளுக்கும் 1960களின் நடுவில் அனைவருக்கும் நீக்கப்பட்டது. கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையின் அவமானம், முந்தைய தலைமுறையின் நினைவுக் குறிப்புகளில் ஓயாமல் வருவதும், அதற்குப் பிந்தையவற்றில் அரிதாகிவிடுவதும் இந்த அரசாணையின் வெற்றிக்குச் சான்று.

ஆசிரியர்களைப் பற்றிய பதிவுகளில் அன்பும் அச்சமும் கலந்தே காணப்படுகின்றன. இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த அப்துல் கலாம், தன்னம்பிக்கையை ஊட்டிய ஐயாதுரை சாலமன் என்னும் ஆசிரியரையும், பிரம்பால் அடித்துவிட்டுப் பின்னொரு நாள் முழு மதிப்பெண் பெற்றபோது பள்ளி முழுவதற்கும் முன் பாராட்டிய கணித ஆசிரியரையும் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார். அடித்தவரையும் நன்றியோடு நினைப்பது அக்காலத் தன்வரலாறுகளின் பொதுக்குணம். ஆனால் இவை வென்றவர்கள் எழுதியவை. பிரம்புக்கு அஞ்சிப் பள்ளியைவிட்டு ஓடி, மாடு மேய்க்கவோ மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கவோ போனவர்கள் நூல் எழுதவில்லை. ஆகவே அடியின் பயனை இந்நினைவுகளைக்கொண்டு மட்டும் எடைபோடுவது நேர்மையாகாது.

தேர்வு முடிவு வெளியாகும் நாள் ஊர் முழுவதற்கும் உரிய நாளாக இருந்தது. செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாகத் தேறியவர்களின் பதிவெண்களை மட்டும் பொடி எழுத்தில் அச்சிட்டன. பெயர் இராது, மதிப்பெண் இராது. பேருந்தில் வந்திறங்கும் தாள்கட்டுக்காகக் காத்திருந்து, தேநீர்க்கடைப் பெஞ்சில் விரித்து, விரலால் வரிசையைத் தடவிச் செல்கையில் தன் எண்ணுக்கு முந்திய எண்ணும் பிந்திய எண்ணும் இருந்து தன்னுடையது இல்லாமற்போவதே தோல்வி அறிவிக்கப்பட்ட முறை. தேறியவர்களுக்கோ அது ஒரு புதிய குலப்பெயரைப் போல வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. கிராமத்தில் மனு எழுதவும் தந்தி படிக்கவும் அழைக்கப்பட்டவர் அவரே. எழுத்தர், ஆசிரியர், அஞ்சல் ஊழியர் என அரசு வேலைகளின் முதற்படியும் அந்தத் தகுதியே.

1950களின் நடுப்பகுதி வரை பள்ளியை அடுத்து ஈராண்டு இண்டர்மீடியட் வகுப்பும், அதன்பின் பி.யு.சி. என்னும் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் கல்லூரிகளில் நடந்தன. கோத்தாரி கல்விக்குழுவின் பரிந்துரையை ஒட்டி 1978இல் தமிழகம் பத்தாண்டுப் பள்ளிக் கல்வியோடு ஈராண்டு மேல்நிலைக் கல்வி என்னும் முறைக்கு மாறியதும், பி.யு.சி. மறைந்து, 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. பதினோராம் வகுப்பின் முடிவில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கிவந்தது. அட்டைப் புத்தகம் இருந்த இடத்தில் கணினி அச்சிட்ட ஒற்றைத் தாள் வந்தது. ஆயினும் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த வரலாற்றின் மூலச்சான்றுகள் பெரும்பாலும் இன்னும் பள்ளிகளிலேயே கிடக்கின்றன. நூறாண்டு கண்ட உயர்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர் அறை அலமாரிகளில் உள்ள சேர்க்கைப் பதிவேடுகளில், எந்தத் தெருவிலிருந்து, எந்தத் தொழில் செய்த தகப்பனாரின் பிள்ளை, எந்த ஆண்டு முதன்முதலாக வந்து சேர்ந்தது, எந்த வகுப்பில் நின்றது என்பதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. கரையானும் மழைநீரும் அவற்றைத் தின்றுகொண்டிருக்க, நூற்றாண்டு விழாக்களில் நுழைவு வளைவுகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் பணம் திரட்டப்படுகிறது. முன்னாள் மாணவர் சங்கங்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பள்ளியின் பதிவேடுகளையும் ஆண்டு மலர்களையும் குழுப் படங்களையும் படியெடுத்துப் பாதுகாக்க முன்வர வேண்டும். தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைப் பள்ளிக்குச் சென்ற பெண்களும், பாதியில் நின்றவர்களும் சொல்லக் கேட்டு, அந்த நினைவுகளையும் எழுதி அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும்.